பட்டு நெசவும் பரீட்சை இங்கிலீஷும்

ஆரணி என்றதும் பட்டுப் புடவைதான் நினைவுக்கு வரும். கமண்டல நாக நதிக் கரையில், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நர்ஸ் படிப்பும் இஞ்ஜினீயர் படிப்பும் முடித்துக் கடல் கடந்து போக நினைத்தால், வாசலிலேயே ஒரு பரீட்சை வழிமறிக்கிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்பது அதன் பெயர். 1989-ஆம் ஆண்டு தொடங்கியது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். உச்ச மார்க் 9. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதுவதில் 6.5-ம் மற்ற மூன்றிலும் 7-ம் வேண்டும். கட்டணமோ 16,000 ரூபாய்க்கு மேல்! தறியை நம்பிய வீட்டில், "போனால் போகட்டும், மறுபடி எழுதிக்கொள்" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? வாங்கிய மார்க்கும் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும்.

வீட்டுத் தொழிலே கேள்வி!

இப்பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் புரட்டும் கேம்பிரிட்ஜ் மாதிரி வினா நூல்களில் ஆறாவதில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பக்கம் பட்டுப்புழுவின் வாழ்க்கை: முட்டை, புழு, கூடு, பூச்சி. மற்றொரு பக்கம் கூடு துணியாகும் கதை: பொறுக்குதல், நீரில் வேகவைத்தல், நூலெடுத்தல், முறுக்குதல், நெசவு, சாயம். நூலின் நீளம் 300 முதல் 900 மீட்டர் என்ற கணக்கும் உண்டு. இதைப் பார்த்து 20 நிமிஷத்தில் 150 வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும்.

ஆரணிப் பிள்ளைக்குக் கரும்பு தின்னக் கூலியா என்று தோன்றும். ஆபத்தும் அங்கேதான். பாவு பிணைப்பது, சூரத்திலிருந்து வரும் ஜரிகை, ஜக்கார்டு அட்டை என்று தெரிந்ததையெல்லாம் கொட்டக் கை துடிக்கும். படத்தில் இல்லாததற்கு மார்க் கிடையாது!

இன்னொரு தொல்லை வாக்கியத்தில். நெசவாளர் வீட்டில் "கூட்டை வேக வைப்பாங்க, நூல் எடுப்பாங்க" என்றுதான் பேச்சு. இங்கிலீஷ் வர்ணனையோ "வேகவைக்கப்படுகிறது", "எடுக்கப்படுகிறது" என்ற தோரணையில் போக வேண்டும். தமிழில் அதை ரேடியோச் செய்தியில்தான் கேட்கிறோம்! ஆகவே ஆசிரியர்கள் முதலில் மாணவனின் வீட்டு வேலையையே படிக்கு ஒரு வாக்கியமாகச் சொல்ல வைக்கலாம். பாவுக்கு வார்ப், ஊடைக்கு வெஃப்ட், தறிக்கு லூம் என்று பெயர் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. அடுத்த நாள், ஆரணி மில்லில் நெல் அரிசியாகும் விதத்தைச் சொல்லட்டும்.

இதை விட்டு, கட்டுரைகளை நெட்டுருப் போடச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. திருத்துபவர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்; மார்க் இறங்கும். 250 வார்த்தைக் கட்டுரைக்குப் பட வர்ணனையைப்போல் இரண்டு பங்கு மதிப்பு என்பதால் நஷ்டமும் பெரிது.

பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். சீட்டில் ஒரு விஷயம் தருவார்கள். ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டு நிமிஷம் வரை பேசலாம். வெள்ளைக்காரர்போல் உச்சரிக்க வேண்டியதில்லை, தெளிவாகப் புரிந்தால் போதும். கேட்டல்தான் கண்டிப்பு: ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள்.

ஆதி திராவிடர், பழங்குடி இளைஞர்களின் பயிற்சிக்குத் தாட்கோ அண்மை வருஷங்களில் விண்ணப்பம் கோரியதுண்டு. மாதிரி வினாத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் கட்டுமுன் கடிகாரத்தை எதிரே வைத்து இரண்டு தடவை எழுதிப் பார்ப்பது நல்லது.