பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பேனட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார்கள், ஏசி குளிர்கிறதா என்று கையை நீட்டுவார்கள். குனிந்து அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. இன்ஜின் போனால் வேறு இன்ஜின் வைக்கலாம். கியர்பாக்ஸ் போனால் சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் ஒன்று அகப்படும். பாடி அரித்துப்போன காருக்கு அத்தனை சுலபமான வழி கிடையாது. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமுமில்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டே ஆரம்பிக்கலாம்.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் தெருவுக்கு வந்த வண்டி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதன் எடையே சுமார் 650 கிலோதான். அவ்வளவு லேசாக இருப்பதற்கு ஒரு காரணம், பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை என்பது. மெல்லிய தகட்டில் துரு விழுந்தால் ஓட்டை விழ அதிக நாள் பிடிக்காது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவும் மின்வேதியியல் சமாச்சாரம்தான். போதாததற்கு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கடலோரத்தில், திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ நிற்கிற கார், மழையே பெய்யாத மாதத்திலும் உள்ளுக்குள் நனைந்துகொண்டிருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயிண்டைக் கீழிருந்து தள்ளித் தூக்கும். கதவின் கீழ் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகத் தெரிவது அதுதான். நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்பக்கம் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

உள்பக்கத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். அது வெளியேறத்தான் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். மண்ணும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் கதவே தொட்டியாகிவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்திலும் இதே கதைதான். வேப்ப மரத்தடியில், புங்க மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் சருகு போய் வடிகாலை அடைக்கும். தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியால் இறங்கி டிரைவர் காலடிக் கார்ப்பெட்டுக்குள் நிற்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தாலும் அப்படியே. கார்ப்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மேலே வார்னிஷ் அடித்த மாதிரி மினுக்கும் வண்டியில்கூட கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை வரும்.

இந்த இடத்தில் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற ஒன்று கைமாறி உங்களிடம் வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருந்தால் அங்கே தெரியும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் பாருங்கள்.

இனி முக்கியமான கேள்வி: எந்தத் தகடு அரித்திருக்கிறது? ஜீப், பொலேரோ, குவாலிஸ் போன்ற வண்டிகளுக்குத் தனியாக சேஸி உண்டு. பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மாருதி 800, ஜென், சான்ட்ரோ எல்லாம் அப்படியல்ல. அங்கே பாடிதான் சேஸி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, தரைத் தகடு, முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், இவைதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஃபெண்டரிலும் பேனட்டிலும் துரு என்றால் கவலை வேண்டாம்; போல்ட்டைக் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். நூறு ஒட்டு ஒட்டுவதைவிட அது மலிவுகூட. சொன்ன நான்கு இடங்களில் துரு என்றால் பேச்சே வேறு.

பரிசோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, ரன்னிங் போர்டு நெடுக நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரவிப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பசையான பட்டிதான் இருக்கிறது. அடியில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். விற்கிறவர் தட்ட விடவில்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

டிங்கரிங் கடைக்குப் போகிறீர்கள். "எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டதும் சட்டென்று ஒரு தொகை சொல்பவரைவிட, "திறந்து பார்த்தாத்தான் சார் தெரியும்" என்பவரை நம்புங்கள். உள்ளங்கை அளவு கொப்புளத்தைச் சுரண்டினால் ஒரு முழம் போகும். ஒயர் பிரஷ் போட்டுத் துரு தெரியும் இடமெல்லாம் சுத்தமான, பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டி எடுப்பதுதான் வேலையின் முதல் பாதி. அரைகுறையாக வெட்டி, துருத் தகட்டின் ஓரத்திலேயே பேட்ச் வைத்துப் பற்றவைத்தால் வெல்டிங் நிற்காது. நின்றாலும் அடுத்த மழைக்காலத்தில் பக்கத்தில் விட்டுப்போகும்.

வெல்டிங்கிலும் வித்தியாசம் உண்டு. கேஸ் வெல்டிங்கில் சூடு அதிகமாகப் பரவி மெல்லிய தகடு நெளியும். சிஓ2 வெல்டிங் இருக்கிற கடை நல்லது. அதிலும் ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை அப்படியே போர்த்திப் பற்றவைத்தால் இரண்டுக்கும் நடுவே இடுக்கு உண்டாகி அங்கே ஈரம் தங்கும். விளிம்போடு விளிம்பு சேர்ப்பது கஷ்டம், ஆனால் அதுதான் சரி. போர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாயின்ட்டை சீலன்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்றா, கார்ப்பெட்டை எடுத்தாயிற்றா, பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்ப்பதில் தப்பில்லை.

துருவை மாற்றுகிறேன் என்று பாட்டிலில் வரும் திரவத்தைப் பற்றியும் கேட்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் ஓரளவுக்குத்தான். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அல்லது டானின் இருக்கும். நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும் டீயின் துவர்ப்புக்குக் காரணமும் டானின் வகைதான். கடுக்காயிலும் அது நிறைய. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்து கறுப்பாவதை வைத்துத்தான் மையும் சாயமும் செய்தார்கள். அதே வேதியியல்படி டானின் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிவிடும். மெல்லிய செந்துருவுக்கு இது நல்ல மருந்து. அடுக்கு அடுக்காக உரிகிற துருவில் மேலே மட்டும் கறுக்கும், அடியில் தின்பது நிற்காது. ஓட்டை விழுந்த இடத்தில் இதை ஊற்றுவது காசுக்குக் கேடு.

அடுத்தது ப்ரைமர். நம் கடைகளில் கை முதலில் ரெட் ஆக்ஸைடுக்குத்தான் போகும். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்ஸைடுதான், அதாவது துருவுக்குப் பங்காளி! விளையாட்டு போகட்டும், ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்ஸி ப்ரைமர் ஈரத்தை அதைவிட நன்றாகத் தடுக்கும். கொஞ்சம் கூடுதல் செலவு, தயங்காமல் கொடுக்கலாம். வெறும் தகட்டில் எபாக்ஸி, அதன் மேல் மெல்லியதாகப் பட்டி, பிறகு பெயிண்ட். பட்டி ஈரம் உறிஞ்சும் சரக்கு. ஓட்டையில் துணியையோ வலையையோ திணித்து அதன்மேல் பட்டி பூசித் தேய்த்துக் கொடுப்பது, ஒழுகும் மாடியைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் வெள்ளையடிப்பது மாதிரி. டெலிவரி எடுக்கும் நாளில் அருமையாக இருக்கும். விற்பதற்கென்றே செய்யும் வேலை பலவும் இதுதான்.

வெளியே முடிந்தாலும் உள்ளே முடியவில்லை. பற்றவைத்த சூட்டில் தகட்டின் மறுபக்கப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும். ரன்னிங் போர்டு உள்ளே கூடு, கை போகாது. ஓட்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே மெழுகு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பல கடைகளில் இதைச் செய்வதில்லை, கேட்டால்தான் செய்வார்கள். வடிகால் ஓட்டைகளைப் பெயிண்டோ சீலன்ட்டோ அடைத்துவிட்டதா என்று கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடியில் கருப்பாக அடிக்கும் கோட்டிங் பற்றி என் தீர்ப்பு இதுதான்: சுத்தமான தகட்டில் அடித்தால் காவல், துருவின் மேல் அடித்தால் திரை. பழைய கார் ஒன்றின் அடிப்பாகம் மட்டும் புத்தம்புதுக் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பராமரிப்பில் எல்லாரும் கழுவச் சொல்கிறார்கள். எந்தத் தண்ணீரில் என்று யாரும் கேட்பதில்லை. கடலோர வீடுகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். தினமும் அதில் காரைக் குளிப்பாட்டுவது நாமே உப்பு பூசுவதுதான். கடலோரச் சாலையான ஈசிஆர் பக்கம் போய் வந்தால் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும். ஈர வண்டியின் மேல் கவர் போட்டு மூடாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. சொந்தக் காரின் ஆர்சி 15 ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் இருக்கும் காரில் தரை மட்டும் போயிருந்தால் சரிசெய்து ஓட்டுங்கள். ரன்னிங் போர்டும் சஸ்பென்ஷன் மாட்டும் இடமும் சேர்ந்தே போயிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாங்கிவிட்டீர்கள், வேலைக்கும் விட்டுவிட்டீர்கள் என்றால் டிங்கரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: "வெல்டிங் முடிந்ததும் கூப்பிடுங்கண்ணே, நான் வந்து பார்த்த பிறகு பட்டி போடலாம்."