உடற்பயிற்சி விஞ்ஞானம்: மைதானத்துக்கு அப்பாலும் விரியும் ஒரு துறை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் வன்னியின் இல்லங்களில் ஒரே விதமான ஆலோசனையே நடைபெறுகின்றது. மருத்துவமா, பொறியியலா, வெட்டுப்புள்ளி போதாவிடின் மீண்டும் ஒரு முறை பரீட்சைக்குத் தோற்றுவதா என்பதே அந்த ஆலோசனையின் சாரம். இவற்றுக்கு வெளியே உடற்பயிற்சி விஞ்ஞானம் என்றொரு பட்டப்படிப்பு உண்டென மாணவர் ஒருவர் கூறினால், “விளையாடுவதற்கும் பட்டமா?” என்று பெற்றோர் வினவுவது இயல்பாகிவிட்டது. இத்துறை மைதானத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணமே இக்கேள்வியின் அடிப்படையாகும். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை விளங்கிக்கொள்ளக் கிளிநொச்சி மாவட்டத்தின் ஆனையிறவைப் போன்ற ஓர் இடத்தை நினைத்துப் பார்த்தாலே போதுமானது.

உழைக்கும்போதும், ஓடும்போதும், சுமை தூக்கும்போதும், நோயிலிருந்து மீளும்போதும் மனித உடலில் என்ன நிகழ்கின்றது என்பதை அளந்து ஆராய்வதே உடற்பயிற்சி விஞ்ஞானமாகும். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உடலசைவின் பொறிமுறை, போசாக்கு, உளவியல், புள்ளிவிபரவியல் ஆகியன இதன் அடிப்படைப் பாடங்கள். இதயத்துடிப்பு, ஒட்சிசன் உள்ளெடுப்பு, தசையின் வலு, வியர்வை இழப்பு முதலியவற்றை ஆய்வுகூடத்தில் அளக்கவும், அவ்வளவீடுகளைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஏற்ற பயிற்சியை வகுக்கவும் மாணவர்கள் கற்கின்றனர். உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் இதற்கு வேண்டியவை. எனவே இது படிப்பில் பின்தங்கியோருக்கான புகலிடம் அன்று.

இத்துறையின் வரலாறும் நம்மவர் பலர் எண்ணுவதற்கு மாறானது. அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை இயங்கிய சோர்வு பற்றிய ஆய்வுகூடம் விளையாட்டு வீரர்களோடு நின்றுவிடாமல், வெப்பத்திலும் மலையுயரத்திலும் உழைக்கும் உடலையும் ஆராய்ந்தது. லண்டன் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை ஜெரமி மொரிஸ் 1953இல் வெளிப்படுத்தினார். உடலுழைப்புக்கும் இதயநலனுக்கும் உள்ள தொடர்பை உலகம் ஏற்றுக்கொள்ள அந்த ஆய்வு வழிவகுத்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், 1948இல் போரில் காயமுற்ற 16 பேரைக் கொண்டு அம்பெய்தல் போட்டியொன்றை நடத்தினார். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுக்கள் அதிலிருந்தே வளர்ந்தன. ஆக, தொழிலாளியின் உடலும் போரில் சிதைந்த உடலுமே இத்துறையை வளர்த்தெடுத்தவற்றுள் முக்கியமானவை எனலாம்.

இவ்விரண்டும் ஆனையிறவில் உள்ளன. யாழ். குடாநாட்டையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் இந்த ஒடுங்கிய தரை 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் பெரும் போர்களைக் கண்டது. இன்று அதன் அடையாளமாக விளங்குவது உப்பளம். 2025 மார்ச்சில் அங்கு புதிய உப்புத் தொழிற்சாலையொன்றும் திறந்துவைக்கப்பட்டது. நிழலற்ற வெளியில், வெண்ணிற உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் வெயிலில் உழைப்பவரின் உடல் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் அளவு வியர்வையையும் இழக்கக்கூடும். புதிதாக வெயில் வேலைக்கு வருபவரின் உடல் அவ்வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் வரை செல்லும். அந்நாட்களில் வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது எப்படி, எவ்வளவு இடைவெளியில் நீர் அருந்துவது, முதுகு நோகாமல் சுமை தூக்குவது எவ்வாறு என்பனவெல்லாம் உடற்பயிற்சி விஞ்ஞானம் விடைகூறும் வினாக்களே. வடக்கே முகமாலை போன்ற இடங்களில் கனத்த பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் அணிந்து கண்ணிவெடி அகற்றிய பணியாளர்களுக்கும், அவர்களுள் பலராக இருந்த பெண்களுக்கும் இதே அறிவு உயிர்காப்பாகும்.

கண்ணிவெடியிலும் எறிகணையிலும் அவயவங்களை இழந்தோரின் நிலை இதனிலும் முக்கியமானது. செயற்கைக் கால் பொருத்துவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் நடப்பதற்கு ஏனையோரைவிட அதிக சக்தியைச் செலவிடுகின்றார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அச்செலவு இன்னும் கூடுதலாகும். இடுப்பு, தொடைத் தசைகளை வலுப்படுத்தாவிடின் அவர் விரைவில் களைத்து, நடப்பதையே குறைத்து, உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் ஆளாக நேரிடும்.

தகுந்த பயிற்சி என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2012 லண்டன் பராலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் பிரதீப் சஞ்சய வெண்கலம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, உலக சாதனையுடன் இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். இருவருமே இராணுவத்தினர். இராணுவத்தில் காயமுற்றோருக்கு மைதானமும் பயிற்றுநரும் ஒழுங்கமைப்பும் இருந்தமை அவர்களது வெற்றிக்குத் துணைநின்றது. அதே போரில் காலிழந்த வன்னியின் பொதுமக்களுக்கு அத்தகைய ஒழுங்கமைப்பு எங்கே என்ற வினாவை நாம் எழுப்பாதிருக்க முடியாது.

முதுமையும் இத்துறையின் எல்லைக்குள் அடங்குவதே. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் தமது 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 2 தங்கப் பதக்கங்களையும் ஒரு வெண்கலப் பதக்கத்தையும் வென்றமை நாடறிந்த செய்தி. எல்லோரும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. ஆனால் வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நீரிழிவு பரவலாகியுள்ள நமது சமூகங்களில் இதனை வழிநடத்தப் பயிற்சி பெற்றோர் தேவை.

முஸ்லிம் சமூகத்துக்கும் இத்தேவை பொதுவானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினர் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் மீளக் குடியேறியுள்ளனர். ஆண்கள் பயிற்றுவிக்கும் பொது இடங்களில் உடற்பயிற்சி செய்யத் தயங்கும் பெண்கள் தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் உள்ளனர். அவர்களுக்குத் தகுதிபெற்ற பெண் பயிற்றுநர்களே தீர்வாக அமைவர். ரமழான் மாதத்தில் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னரான நேரத்துக்கு மாற்றுவது, ஸஹர் உணவிலும் நீரிலும் கவனம் செலுத்துவது, நீரிழிவுக்கு மருந்தெடுப்போரை முதலில் வைத்தியரிடம் அனுப்புவது போன்றவற்றை மார்க்க நெறியும் உடற்றொழிலியலும் அறிந்த ஒருவரே செம்மையாக வழிநடத்த முடியும்.

இனி, இதனை எங்கே கற்கலாம் என்பதை நோக்குவோம். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்கள் விளையாட்டு விஞ்ஞானம் சார்ந்த பட்டப்படிப்புக்களை நடத்துகின்றன. உடற்பயிற்சி விஞ்ஞானத்தின் பெரும்பகுதி அவற்றினுள் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞான அலகு இயங்குகின்றது. அனுமதிக்கான பாடச் சேர்க்கை, உளச்சார்புப் பரீட்சை ஆகியன பற்றிய நிபந்தனைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் காணலாம். விண்ணப்பிக்கும் மாணவர் அவ்வாண்டுக்குரிய கைந்நூலையே பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருப்பதால், உயர்தரம் பயிலும் காலத்திலேயே அம்மொழியில் தேர்ச்சி பெறுவது அவசியம்.

பட்டம் பெற்றோருக்குப் பல பாதைகள் உள்ளன. பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பித்தல், பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தராதல், அணிகளின் உடற்தகுதிப் பயிற்றுநராதல், உடற்பயிற்சி நிலையங்களை நடத்துதல், ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் இணைதல், மேற்படிப்பின் வழியே போசாக்கு, தொழில்சார் சுகாதாரம், ஆய்வு ஆகியவற்றுக்குச் செல்லுதல் என்பன அவற்றுட் சில. அரச பதவிகளுக்கு வெற்றிடமும் போட்டிப் பரீட்சையும் உண்டென்பதை மறத்தலாகாது.

ஒன்றைத் தெளிவாகக் கூறுவது கடமை. இப்பட்டம் ஒருவரை இயன் மருத்துவராக்காது. இயன் மருத்துவம் தனியான படிப்பு. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் அது கற்பிக்கப்படுகின்றது. வைத்தியசாலையில் சிகிச்சையளிக்க விரும்பும் மாணவர் ஆரம்பத்திலேயே அதனைத் தெரிவு செய்தல் வேண்டும். வெளிநாடு செல்ல எண்ணுவோரும் அந்நாட்டின் விதிகளை முன்கூட்டியே அறிய வேண்டும். அவுஸ்திரேலியாவில் உடற்பயிற்சி உடற்றொழிலியலாளர் என்பது தனி அங்கீகாரம் பெற்ற சுகாதாரத் தொழில். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உடலியக்கவியலாளர்கள் 2013 முதல் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலினர். இங்கு பெற்ற பட்டம் அங்கு தானாகவே ஏற்கப்படுவதில்லை.

மாணவர்கள் முன்வந்தால் மட்டும் போதாது. அவர்களுக்கான இடமும் உருவாக வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் உள்ளன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. அவயவம் இழந்தோர், வெயிலில் உழைப்போர் ஆகியோரின் உடல்நலனை ஆராய்வதற்கு இவற்றைவிடப் பொருத்தமான அமைவிடம் வேறில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களம் புனர்வாழ்வுப் பணியில் இப்பட்டதாரிகளுக்குப் பதவிகளை உருவாக்கலாம். உப்புத் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள் தம் தொழிலாளரின் உடல்நலனுக்கு இவர்களது ஆலோசனையைப் பெறலாம்.

இத்துறையைத் தெரிவு செய்யும் பிள்ளையைப் படிப்பில் தோற்றவராகக் கருதும் மனப்பாங்கைப் பெற்றோர் கைவிட வேண்டும். உப்பளத்தில் உழைப்பவரும், செயற்கைக் காலுடன் வயலுக்குச் செல்பவரும், நீரிழிவுடன் வாழும் தாயும் எதிர்பார்த்திருப்பது அந்தப் பிள்ளை பெறப்போகும் அறிவையே.