வயலில் யூரியா, வயிற்றில் யூரியேஸ்

தோப்பூர் வயல்களில் எறிகிற யூரியாப் பசளை முழுவதும் நெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியத்தால் அதை உடைக்க, ஒரு பங்கு அமோனியாவாகிக் காற்றோடு போய்விடுகிறது. வயிற்றுப்புண்ணுக்கு முக்கிய காரணமான ஹெலிகோபக்டர் பைலோரியை நம் இரைப்பைக்குள் உயிரோடு வைத்திருப்பதும் அதே நொதியம்தான்.

இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் மாண்டுபோகும். பைலோரியோ, அங்கே ஊறும் சிறிதளவு யூரியாவை உடைத்து, வரும் அமோனியாவால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. தன் புரதத்தில் 10 சதவீதம் வரை இந்த ஒரு நொதியத்துக்கே செலவிடுகிறது. யூரியேஸ் நீக்கப்பட்ட கிருமியால் ஆய்வு விலங்குகளின் இரைப்பையில் குடியேற முடியவில்லை. வைத்தியர்கள் தொற்றைக் கண்டுபிடிப்பதும் இதை வைத்துத்தான்: அடையாளமிட்ட காபன் கொண்ட யூரியாவைக் குடிக்கத் தந்து, அந்தக் காபன் மூச்சில் வெளிவருகிறதா என்று பார்க்கிறார்கள்.

1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இக்கிருமியை வளர்த்தெடுத்தார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமியின் உயிர்நாடி யூரியேஸ் என்று தெரிந்ததும், தடுப்புமருந்து தேடியவர்கள் அதையே குறிவைத்தார்கள். 1990களில் இந்தப் புரதம் ஊட்டப்பட்ட எலிகள் தொற்றிலிருந்து தப்பின. மனிதரிடம்தான் சிக்கல். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதற்காகச் சேர்த்த ஈ. கோலி நச்சுப்பொருள் பலருக்கு வயிற்றோட்டத்தைக் கொடுத்தது.

சீன ஆய்வாளர்கள் அந்த நச்சின் தீங்கற்ற பகுதியை மட்டும் எடுத்து, யூரியேஸின் பி அலகோடு இணைத்து, குடிக்கும் மருந்தாக்கினார்கள். ஜியாங்சு மாகாணத்தில் 6 முதல் 15 வயது வரையான, தொற்று இல்லாத 4,464 பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2015இல் லான்செட் இதழில் வெளியானது. முதல் ஆண்டில் பாதுகாப்பு 71.8 சதவீதம், அடுத்த ஆண்டுகளில் அது 55 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

இன்னொரு புதிரும் உண்டு. யூரியேஸ் பெரும்பாலும் கிருமியின் உள்ளேதான் இருக்கிறது. பிறபொருளெதிரிகளால் அங்கே எட்ட முடியாது. ஆனால் பிறபொருளெதிரியே சுரக்காத எலிகளையும் யூரியேஸ் தடுப்புமருந்து காத்தது. காவல் வேலையைச் செய்தவை நோயெதிர்ப்புத் தொகுதியின் ரி கலங்கள். அவற்றின் நினைவை நீண்டகாலம் நிலைக்கச் செய்வதே இனிமேல் தீர்க்க வேண்டிய கணக்கு.

நீண்டகாலமாகக் கொடுக்கப்பட்டுவந்த வழக்கமான சிகிச்சை, அமிலம் குறைக்கும் மருந்தோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள். அவற்றிலொன்றான கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியை, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017இல் சேர்த்தது. தொற்று பெரும்பாலும் சிறுவயதிலேயே ஒட்டிக்கொள்வதால், தடுப்புமருந்து வந்தால் அது பிள்ளைகளுக்கே முதலில் போய்ச் சேர வேண்டும். அதன் பலனும் ஓரிரு ஆண்டில் தேய்ந்துவிடக் கூடாது.