உச்சியில் பொடி, மூக்கில் மருந்து

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் குடைகளோடு கைக்குட்டைகளும் விரிகின்றன. மேல்நாடுகளில் வசந்தகால மகரந்தம் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் செய்வது ஈரத்தில் பெருகும் தூசிப்பூச்சியும் பூஞ்சையும். வெயில் காணாத மெத்தையும் தலையணையும் அவற்றின் தாய்வீடு.

குளித்ததும் உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பது மலையாளிகளின் வழக்கம். இதமாக இருக்கும், ஒவ்வாமைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆபத்து இருப்பது கடையில் கேட்டதும் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தில். நிமிடங்களில் மூக்கு திறக்கும். ஆனால் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கக்கூடும். பிறகு அது இல்லாமல் இரவு நகராது. டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்ட் ஸ்பிரேயோ நிதானமான ஆசாமி. முழுப் பலனுக்கு 2 வாரம்கூட ஆகலாம். அதற்குள் அலுத்து மூலையில் வைத்துவிட்டால் பயனில்லை. தும்மலுக்கு செட்ரிசின் உதவும். சிலருக்குத் தூக்கம் வரும் என்பதால் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இரவில் போட்டுக்கொள்வது நல்லது.

கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுவதற்குச் செலவில்லை. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும். அடைமழையில் எங்கே உலர்த்துவது என்று கோட்டைக்குள் அக்ரகாரத்து மாமிகள் கேட்டால் பதில் சொல்வது கடினம்தான்.

மூச்சில் விசில் சத்தம் கேட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்துமாவா என்று டாக்டரிடம் அன்றே காட்டிவிடுங்கள்.