மாதிரிக் கட்டடத்தை மலையில் நிறுத்தும் படம்

அட்டையிலும் மரத்திலும் செய்த கட்டட மாதிரி, கட்டடத்தின் உருவத்தைக் காட்டும். அது நிற்கப்போகும் இடத்தைக் காட்டாது. இந்தக் குறையை ஒட்டுப்படம் தீர்க்கிறது. மாதிரியின் புகைப்படத்தை உண்மையான இடத்தின் புகைப்படத்தோடு பொருத்தி, இரண்டையும் ஒரே காட்சியாக்கும் முறை அது. 1910-இல் ஜெர்மனியின் பிங்கன் நகருக்கான பிஸ்மார்க் நினைவகப் போட்டிக்கு, மீஸ் வான் டெர் ரோ மாதிரியின் படத்தை ரைன் நதிக்கரைக் குன்றின் படத்தில் இப்படிப் பொருத்தினார்.

சரிவான நிலத்தில் இம்முறையின் பயன் இன்னும் கூடுதல். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், 1929-இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்துக்குச் சுங்கை பாலாஸில் ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. அங்குள்ள தேநீர் மையத்தை இசட்எல்ஜி டிசைன் நிறுவனம் வடிவமைத்தது. அதன் மாடம் தேயிலைச் சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. இத்தகைய கட்டடத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தால் மாடத்தின் நீளம் புரியும். கீழே இறங்கும் பச்சைப் பள்ளம் புரியாது.

வேலை மலையில்தான் தொடங்குகிறது. படம் எடுத்த இடம், கேமராவின் உயரம், லென்ஸ், திசை, நேரம் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாதிரியையும் அதே நிலையிலிருந்து, அளவைச் சுருக்கிப் படமெடுக்க வேண்டும். மாதிரி 1:100 அளவில் இருந்தால் 60 மீட்டர் தூரம் 60 சென்டிமீட்டராகிறது; தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் 16 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. கேமரா அதைவிட மிக உயர்ந்தால் கூரை தெரிந்துவிடும், கட்டடம் பொம்மையாகிவிடும். கிட்டத்தில் எடுப்பதால் மாதிரியின் ஒரு பகுதி மங்கக்கூடும். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் கூடுதல் பகுதி தெளிவாக விழும்.

அடுத்தது வெளிச்சம். மலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ, அதே பக்கத்தில் விளக்கை வைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கேமரன் மலையில் நண்பகல் நிழல் மிகக் குட்டை. பனிமூட்ட நாளிலோ நிழலே இராது. அன்று எடுத்த படத்தில் கூர்மையான நிழலோடு கட்டடத்தை ஒட்டினால் பொய் உடனே தெரியும்.

ஒட்டும்போது முன்னால் இருக்கும் தேயிலைச் செடிகளைத் தனியே வெட்டியெடுத்து, கட்டடத்தின் அடியை மறைக்கும்படி மேலே வைக்கிறார்கள். அப்போதுதான் கட்டடம் மண்ணில் ஊன்றி நிற்கும். கவ்வாத்து செய்து இடுப்பளவில் நிறுத்திய செடி நல்ல அளவுகோலும் ஆகிறது: அதைப் பார்த்தே சுவரின் உயரத்தை யாரும் கணித்துவிடலாம்.

கட்டடம் அழகாகத் தெரியும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். சாலை வளைவிலிருந்தும் கொழுந்து பறிப்பவர் நிற்கும் நிரையிலிருந்தும் எடுத்த படங்களும் வேண்டும். வெட்டப்படப்போகும் மரத்தைப் படத்திலும் அகற்றிக் காட்ட வேண்டும்.

50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தை 8 மடங்கு பெரிதாக்கினால், 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதே சரியான தூரம். படம் எடுத்த இடத்திலேயே நின்று அந்தத் தூரத்தில் பிடித்தால், தாளிலுள்ள மேடும் எதிரே உள்ள மேடும் ஒரே அளவாகத் தெரியும். வரப்போகும் கட்டடம் அந்தச் சரிவில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.