சாம்பிள் பஸ் ஏறலாமா?

செமஸ்டருக்கு முந்தின வாரம். துறையூர் ஃப்ரெண்டு ஒருத்தன் காலையில் எழுந்திருக்கப் பார்த்தான், ரெண்டு காலும் அசையலை. "அரியர் பயம்டா!"ன்னு நாங்க கலாய்ச்சோம். முதல்ல பார்த்த டாக்டரும் டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டார். மறுநாள் ரத்தம் டெஸ்ட் பண்ணினா, பொட்டாசியம் 2.1. குறைஞ்சது 3.5 இருக்கணும்!

எங்கே போச்சு பொட்டாசியம்? நம்ம சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் வடிகட்டுது பாஸ். அதில் 99 சதவிகிதத்தை மீட்டு எடுப்பதும், உடம்பில் சேரும் அமிலத்தை வெளியே தள்ளுவதும் நுண்குழாய்களின் வேலை. தள்ளும் வேலை கெட்டால் அதுதான் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். ரத்தத்தில் அமிலம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரோடு ஓடும். விட்டால் கல் வரும், எலும்பும் பலவீனமாகும். கிரியாட்டினின் மட்டும் நார்மலாகவே காட்டலாம். அதான் வில்லங்கம்!

மத்தது ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி. சோடியத்திலிருந்து குளோரைடு, பைகார்பனேட் ரெண்டையும் கழியுங்க. அவனுக்கு 138-112-15=11. நார்மல். அதாவது, கணக்கில் வராத வேறு அமிலம் எதுவும் சேரலை. வயிற்றுப்போக்கிலும் இப்படி வரும். அவனுக்கு அது இல்லை. ரத்தம் இவ்வளவு அமிலமா இருந்தா சிறுநீர் பி.ஹெச். 5.5-க்குக் கீழே இறங்கணும். ரிப்போர்ட்டில் 7.

ஆனா, அந்த சாம்பிள் காலையில் துறையூரில் எடுத்தது. பஸ்ஸில் சத்திரம் வந்து இறங்கி, திருச்சி லேபுக்குப் போனபோது மதியம். சிறுநீரைச் சும்மா வைத்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்துடும். கிருமிகள் யூரியாவை அம்மோனியாவா உடைக்கும். ரெண்டுமே பி.ஹெச்.சை ஏத்தும். வியாதி இல்லாதவனுக்கும் 7 வரலாம்! திருச்சி டாக்டர் அதை நம்பலை. சாம்பிளுக்குப் பதிலா ஆளையே பஸ் ஏத்தச் சொன்னார். புதுசா எடுத்து, உடனே மீட்டரில் பார்த்தாங்க. 6.8. இப்ப சந்தேகமில்லை. (கலர் மாறும் பட்டை இதுக்குப் பத்தாது. உங்க வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்தா, 'எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?'ன்னு கேளுங்க.)

இழுபறி கேஸுக்கு அம்மோனியம் குளோரைடு கொடுத்து சோதிக்கிறதுண்டு. 1959-ல் ஆலிவர் ராங், டேவிஸ் ரெண்டு பேரும் வகுத்த முறை. பேர்தான் ராங், கணக்கு ரைட்டு! ஆனா, குடித்தால் குமட்டும். 2007-ல் மாத்திரையை வைத்து மாற்று முறை வந்தது. அதை எழுதினவங்களில் ஒருத்தர் யார் தெரியுமா? அதே ராங். 48 வருஷம் கழிச்சு!

ஃப்ரெண்டுக்கு முதலில் பொட்டாசியம், அப்புறம்தான் பைகார்பனேட். மாத்திக் கொடுத்தா பொட்டாசியம் இன்னும் இறங்கும். அதனால வீட்டு ஆப்ப சோடாவைக் கரைச்சுக் குடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நடந்தே போய் எக்ஸாம் எழுதினான். மேத்ஸ் மட்டும் அரியர். அதுக்கு கிட்னி காரணமில்லைன்னு அவனே ஒத்துக்கிறான்.