கடைசி நாள் எது?

"கடைசித் தேதி என்றைக்கு?" வரி கட்டுவதானாலும், பிள்ளையின் தேர்வுக்குப் பணம் செலுத்துவதானாலும், இப்படிக் கேட்டே பழகியவர்கள் நாம். தேதி உண்டென்றால் ஓடுகிறோம். இல்லையென்றால், "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலே பெயர் பதியக் கடைசித் தேதி கிடையாது. அமெரிக்க நாட்டிலே, 2010 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்பீட்டுச் சந்தையின் கதவு, ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள் திறக்கிறது. சில வாரங்களிலே சாத்தப்படுகிறது. தவறியவர், தக்க காரணம் காட்டினாலன்றி, அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை; கதவு திறந்தே இருக்கிறது. ஆனால், கடையத்துப் பீடித் தொழிலாளியின் வீட்டிலிருந்து அந்தக் கதவு எவ்வளவு தொலைவு?

2009 சூலை 23 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 சனவரி 11 இல் இன்றைய பெயரிலே திட்டம் பிறந்தது. 2018 இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என உயர்ந்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு, 2022 இல் 1,20,000 ஆயிற்று. ஆட்சிகள் மாறின, பெயர் மாறிற்று. ஏழையின் தேவை மட்டும் மாறவில்லை.

அட்டை பெறும் வழியைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று. பிறகு குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையம். 2019 நவம்பர் 22 இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரையில், கடையத்தார் இதற்காகத் திருநெல்வேலிக்குப் போயாக வேண்டும். தொலைவு குறைந்தது, மகிழ்ச்சிதான். கூலி இழப்பு குறைந்ததா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. கை நின்றால் கூலியும் நின்றது. குடும்பத்தோடு ஒருநாள் தென்காசிக்குப் போவதென்றால், பஸ் கட்டணத்தோடு அன்றைய அடுப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, "அடுத்த வாரம்" என்கிறாள் அந்தத் தாய். அதைச் சோம்பல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால், அரசு குறிக்காத தேதியை நோய் குறித்துவிடுகிறது! நள்ளிரவிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கணவன் சாய்ந்தால், மருத்துவமனையிலே கேட்கும் முதற்கேள்வி, "அட்டை இருக்கிறதா?" என்பது. ஒருவர் நோயாளியின் அருகே நிற்க, மற்றவர் சான்றுக்கு ஓட, காதுக் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது. இது, கையிலே பணமின்றிச் சிகிச்சை பெறுவதற்கான திட்டம். கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு அட்டையைக் காட்டிக் கணக்குக் கேட்பதற்கன்று.

ஆகவே, ஆள்வோரை நாம் கேட்பது இதுதான். வாக்குச் சீட்டுக்கு ஊரூராகப் பெட்டி வருகிறதல்லவா? பதிவு இயந்திரமும் அப்படி வரட்டும். கடையம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலே, நாள் குறித்து, தண்டோரா போட்டு முகாம் நடக்கட்டும். வருமானச் சான்றும் அங்கேயே, அன்றைக்கே கிடைக்கட்டும்.

தோழர்களே, முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவிலே அட்டை இல்லாத வீடு எது என்று இன்றே கேளுங்கள். படித்த பிள்ளைகள் துணைக்குச் செல்லுங்கள். கடைசி நாள் எது என்று நமக்குத் தெரியாது. அதனாலேதான், இன்றே அந்த நாள் என்று எண்ணிப் புறப்பட வேண்டும்.